வளர்ப்பது நீங்கள், அறுவடை அடுத்தவருக்கு: பால்டிமோர் ரேவன்ஸ் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொது மேலாளர் எரிக் டிகோஸ்டா அவர்களுக்கும், ஓவிங்ஸ் மில்ஸ் அலுவலகத்தில் கல்லூரி ஆட்டங்களின் வீடியோவை இரவு பகலாக ஓட்டிப் பார்க்கும் தேர்வுக் குழுவினருக்கும்,

வணக்கம். அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் ஆடும் உங்கள் அணிக்கு மேரிலாந்தில் உள்ள ரசிகர்களில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து உங்களைத் திட்டுவது ஒரு தமிழ்க் கூட்டம். திட்டுவதற்கு முன் விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அதனால் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும் சில சங்கதிகளை இடையிடையே விளக்க வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் பக்குவப்படாத பாஸ் ரஷர்களைக் கண்டுபிடிப்பதில் உங்களை மிஞ்ச ஆள் குறைவு. அப்படிக் கண்டுபிடித்தவரை எந்தக் கட்டத்தில் நம்பிப் பணம் போடுவது என்பதில்தான் கோட்டை விடுகிறீர்கள். எடுக்கும்போது சாக் எண்ணிக்கையைப் பார்க்காத துணிச்சல் உங்களுக்கு இருக்கிறது. நான்காவது வருடம் வந்ததும் அதே சாக் எண்ணிக்கையை விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுகிறீர்கள்.

நண்பர்களுக்காக ஒரு நிமிடம். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கிக்கொண்டு பின்வாங்கி, எறிவதற்கு ஆள் தேடும் இரண்டரை, மூன்று நொடிகளுக்குள், எதிரில் காவலாக மலை மாதிரி நிற்கும் டேக்கிளைத் தாண்டிப் போய் அவரைச் சாய்க்க வேண்டும். இதுதான் பாஸ் ரஷரின் வேலை. பந்தை எறியும் முன் சாய்த்தால் அது ஒரு சாக். இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்குப் பாதி; 34.5 போன்ற கணக்குகள் அப்படித்தான் வருகின்றன. ஒரு சீசனில் 10 சாக் எடுத்தவரை ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடும். அதற்காக அவர் ஓடியது சில நூறு முறை இருக்கும். மீதி ஓட்டங்கள் புள்ளிவிவர அட்டையில் வராது. என் வாதம் முழுவதும் அந்த மீதி ஓட்டங்களைப் பற்றியதுதான்.

உங்கள் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டுவோம். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக, வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2015இல் நான்காம் சுற்றில், 122ஆவது ஆளாக, கென்டக்கியிலிருந்து ஸடேரியஸ் ஸ்மித்தை எடுத்தீர்கள். முதல் வருடம் 5.5 சாக், அடுத்த வருடம் 1, அதற்கடுத்து 3.5, நான்காம் வருடம் 8.5. ஒப்பந்தம் முடிந்தது, போய்விட்டார். கிரீன் பே அணி அவருக்கு நான்கு வருடத்துக்கு 66 மில்லியன் டாலர் தந்தது. அங்கே போன முதல் வருடமே 13.5, மறு வருடம் 12.5. (2022 மார்ச்சில் உங்களிடம் திரும்பி வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டுக் கடைசி நேரத்தில் மனம் மாறி மினசோட்டாவுக்குப் போனாரே, அந்த வயிற்றெரிச்சலைத் தனியாக எழுத வேண்டும்.)

2016இல் ஐந்தாம் சுற்றில் மாத்யூ ஜூடான். கிராண்ட் வேலி ஸ்டேட் என்ற இரண்டாம் டிவிஷன் கல்லூரி. அங்கே கடைசி சீசனில் 20 சாக் எடுத்திருந்தாலும், எதிரில் நின்றவர்கள் யார் என்ற கேள்வி இருந்தது. அதையும் மீறி எடுத்தீர்கள். உங்கள் கண்ணுக்கு ஒரு சபாஷ். ஐந்து வருடத்தில் 34.5 சாக். 2020இல் அவர் வெளியே போகாமல் பிடித்துவைக்கும் ஃபிரான்சைஸ் டேக் போட்டு ஒரே வருடத்துக்குச் சுமார் 16.8 மில்லியன் கொடுத்தீர்கள். அந்த சீசனின் நடுவிலேயே இன்னொரு பாஸ் ரஷர் வேண்டும் என்று யானிக் இங்காக்குவேக்காக ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வையும் மினசோட்டாவுக்குத் தாரை வார்த்தீர்கள். அவர் ஒன்பது ஆட்டத்தில் 3 சாக் எடுத்துவிட்டு லாஸ் வேகஸ் போனார். ஜூடான் நியூ இங்கிலாந்து போனார், சராசரியாக வருடத்துக்கு 14 மில்லியனுக்கும் குறைவான சம்பளத்தில். அதாவது நீங்கள் டேக்கில் கொடுத்ததைவிடக் குறைவு. 2021இல் 12.5, 2022இல் 15.5.

நியாயமாகப் பேசினால், விட்டுக்கொடுத்தது எல்லாமே தவறு இல்லை. 2012இல் 9 சாக் எடுத்து, சூப்பர் பவுலும் ஜெயித்துக் கொடுத்த பால் க்ரூகரை கிளீவ்லாந்து 40 மில்லியன் பேசித் தூக்கிக்கொண்டு போனபோது அவருக்கு வயது 27. ஒரே ஒரு நல்ல சீசன்தான் அங்கே வாய்த்தது. சிகாகோ போன பெர்னெல் மெக்ஃபீயை முழங்கால் படுத்தி எடுத்தது. அந்த இரண்டு முறையும் நீங்கள் சரி. ஆனால் அந்த இரண்டு வெற்றிகள் சேர்ந்து ஒரு கொள்கையாக இறுகிவிட்டது போல எனக்குத் தோன்றுகிறது: ‘பாஸ் ரஷரை வளர்ப்போம், விலை ஏறினால் விடுவோம், போனவருக்கு ஈடாக லீக் தரும் இழப்பீட்டுத் தேர்வை வாங்கிக்கொள்வோம், அடுத்தவனை வளர்ப்போம்.’ வின்க் மார்ட்டின்டேல் தடுப்பாட்டத்தை நடத்திய காலத்தில் அது இன்னும் வசதியாகப் போயிற்று. 2019இலும் 2020இலும் குவார்ட்டர்பேக்கின் மேல் வழக்கத்தைவிடக் கூடுதல் ஆட்களை ஏவும் பிளிட்ஸை லீகிலேயே அதிகம் செய்த அணி உங்களுடையது. ஐந்து பேர், ஆறு பேரை அனுப்பினால் சாக் தானாக வரும், அதற்கு விலையுயர்ந்த ஆள் எதற்கு என்ற நினைப்பு வந்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஜூடானின் சாக்குகள் திட்டத்தால் வந்தவை என்று நீங்கள் நினைத்திருந்தால், நியூ இங்கிலாந்து அந்த நினைப்புக்குப் பதில் சொல்லிவிட்டது.

இனி ஒடாஃபே ஓவே. இந்த மடலை எழுதத் தூண்டியவரே அவர்தான்.

2021 டிராஃப்டில் ஓர்லாண்டோ பிரவுனை கான்சஸ் சிட்டிக்குக் கொடுத்து வாங்கிய 31ஆவது இடத்தில் பென் ஸ்டேட் கல்லூரியின் ஓவேயை எடுத்தீர்கள். 2020 சீசனில் அவர் ஆடிய ஏழு ஆட்டத்தில் ஒரு சாக் கூட இல்லை. சைபர். முதல் சுற்றில் சைபர் சாக் எடுத்தவனையா எடுப்பார்கள் என்று ஊரே சிரித்தது. நீங்கள் பார்த்தது வேறு. ஆறடி ஐந்து அங்குல உயரம், 250 பவுண்டுக்கு மேல் எடை, அந்த உடம்போடு 40 கஜத்தை 4.4 நொடிக்குள் ஓடும் கால். அதைவிட முக்கியமாக, உயர்நிலைப் பள்ளியின் பிற்பகுதியில்தான் அவர் இந்த ஆட்டத்துக்கே வந்தார். நியூ ஜெர்சியின் பிளேர் அகாடமியில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர். அதே பள்ளியில் அவரைப் பார்த்துத் தானும் ஃபுட்பாலுக்கு வந்தவர்தான் நைஜீரியாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த டேவிட் ஓஜாபோ. அவரையும் 2022இல் இரண்டாம் சுற்றில் எடுத்தீர்கள், அதுவும் மிச்சிகன் கல்லூரியின் சோதனை நாளில் குதிகால் தசைநாண் அறுந்த பிறகு.

2021 செப்டம்பர் 19, ஞாயிறு இரவு ஆட்டம் நினைவிருக்கும். கான்சஸ் சிட்டி ஒரு புள்ளி பின்தங்கி 35-36. ஒன்றரை நிமிடம்கூட மிச்சமில்லை. மூன்று புள்ளி தரும் ஃபீல்ட் கோலை உதைக்கும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள். கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். ஓவே அவரை மறித்த கையோடு பந்தைக் குத்திக் கழற்றி, விழுந்த பந்தின் மேல் தானே பாய்ந்தார். ஆட்டம் முடிந்தது. அது சாக் கிடையாது. ஓட்டத்தைத் தடுத்த ஆட்டம். ஆனால் அந்த நீளக் கையும் பந்து எங்கே இருக்கிறது என்ற கவனமும்தான் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய சரக்கு. கற்றுக்கொடுத்து வராத பகுதி அது.

எது கற்றுக்கொடுத்தால் வரும், எது வராது என்று பிரிப்பதில்தான் இந்த மதிப்பீடு முழுவதும் அடங்கியிருக்கிறது. கிரிக்கெட் தெரிந்த நம்மவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: 145 கிலோமீட்டர் வேகம் பையனோடு பிறக்க வேண்டும், லைனும் லெங்த்தும் நெட்டில் வந்துவிடும். பாஸ் ரஷரிடம் கூடப் பிறக்க வேண்டியது பந்து ஆட்டத்துக்குள் வரும் ஸ்னாப் கணத்தில் கிளம்பும் முதல் அடியும் கணுக்காலின் வளைவும். டேக்கிளின் வெளித்தோளைச் சுற்றிப் போகும்போது உடம்பு கிட்டத்தட்ட தரையைத் தொடுகிற மாதிரிச் சாய வேண்டும், அந்தச் சாய்விலும் வேகம் குறையக் கூடாது. கணுக்கால் விறைப்பாக இருக்கிறவர் அந்த வளைவில் அகலமாகச் சுற்றிப்போவார். அவர் போய்ச் சேர்வதற்குள் குவார்ட்டர்பேக் பந்தை எறிந்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்.

கை வேலை அப்படி இல்லை. கிராஸ் சாப் என்று ஓர் அடி. டேக்கிள் இரண்டு கையையும் நீட்டி நெஞ்சைப் பிடிக்க வருகிறார். அந்தக் கை நீளும் கணத்தில், முந்தியும் இல்லாமல் பிந்தியும் இல்லாமல், உள்பக்கக் கையைக் குறுக்கே வீசி அவருடைய மணிக்கட்டை வெட்டிக் கீழே தள்ள வேண்டும். கூடவே இடுப்பு திரும்ப வேண்டும், கால் அவரைக் கடந்திருக்க வேண்டும். அரை நொடி முன்னால் வெட்டினால் காற்றைத்தான் வெட்டுவீர்கள். இந்த நேரக் கணக்கு ஆயிரக்கணக்கான முறை செய்தால்தான் கைக்கு வரும். பதினாறு பதினேழு வயதில் ஆட்டத்துக்கு வந்தவருக்கு அத்தனை முறை செய்யக் காலம் இருந்திருக்காது. ஆகவே அவருடைய கல்லூரி சாக் கணக்கு சொல்வது இதுவரை எவ்வளவு படித்திருக்கிறார் என்பதை மட்டும்தான்.

வளைவைப் பார்க்க உங்களிடம் ஒரு பழைய சோதனை இருக்கிறது: மூன்று கூம்புகளை ‘ட’ எழுத்தின் வடிவத்தில் ஐந்து கஜ இடைவெளியில் வைத்து, சுற்றிச் சுற்றி ஓடச் சொல்வது. 2019 டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் 85ஆவது இடத்தில் ஜேலன் ஃபெர்குசனை எடுத்தீர்கள். லூசியானா டெக்கில் 45 சாக். உங்கள் டெரல் சக்ஸ் வைத்திருந்த கல்லூரிச் சாதனையையே ஒன்றால் முந்தியவர். ஆனால் அந்தக் கூம்புச் சோதனையில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 8 நொடிக்கு மேல். ஈஸ்டர்ன் மிச்சிகனின் மேக்ஸ் க்ராஸ்பி 7 நொடிக்குள் முடித்தார். க்ராஸ்பியை 106ஆவது இடத்தில் ரெய்டர்ஸ் எடுத்தது. நடுவில் 93ஆவது இடத்திலும் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. க்ராஸ்பி முதல் வருடமே 10 சாக். ஃபெர்குசன் மூன்று சீசனில் 4.5. அந்த இளைஞர் 2022 ஜூனில், 26 வயதில் காலமானார். அவர்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கிருந்த பலத்துக்கும் உழைப்புக்கும் கல்லூரியில் பலன் கிடைத்தது. தேர்வு செய்தவர்கள்தான் அந்த ஒரு முறை எண்ணிக்கையை நம்பிக் கணுக்காலை மறந்தார்கள்.

கூம்பு மட்டுமே போதுமா என்றால் போதாது. 40 கஜ ஓட்டத்தில் மந்தமாக ஓடியதால்தான் சக்ஸ் 2003இல் பத்தாவது இடம் வரை இறங்கி உங்கள் மடியில் விழுந்தார். 139 சாக்கோடு ஓய்வு பெற்றார். மறுபக்கம் 1995இல் சோதனைகளில் பிளந்துகட்டிய மைக் மமூலாவுக்காக பிலடெல்பியா மேலே ஏறி ஏழாவது இடத்தை வாங்கியது. தம்பா அந்தப் பேரத்தில் கீழே இறங்கி, 12ஆவது இடத்தில் வாரன் சாப்பை எடுத்துக்கொண்டது. மமூலாவும் மோசமில்லை, 31.5 சாக். ஆனால் சாப் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்.

எடுத்த பிறகு வளர்ப்பது இன்னொரு கதை. 2011 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, சீசனுக்குள் முழுக் கவசத்தோடு செய்யும் பயிற்சிக்கு உச்சவரம்பு 14. முகாமில் ஒரே நாளில் இரண்டு முறை கவசப் பயிற்சி என்பதும் போய்விட்டது. உடம்புக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் கை நீளும் கணத்தில் மணிக்கட்டை வெட்டும் வித்தை, எதிரில் நிஜமாக ஒருவர் முழு பலத்தோடு தள்ளினால்தான் படியும். அதனால்தான் பாஸ் ரஷர்கள் கோடையில் சொந்தக் காசில் தனிப் பயிற்சியாளர்களைத் தேடிப் போகிறார்கள். அப்படிப் பெயர் வாங்கிய சக் ஸ்மித்தை 2023இல் உங்கள் பயிற்சிக் குழுவுக்கே கொண்டுவந்தது நீங்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. அந்த சீசனில் அணிக்கு 60 சாக், லீகிலேயே முதலிடம். நாற்காலி மட்டும் முதியவர்களுக்குப் போயிற்று: ஜடேவியன் கிளவ்னி 9.5, கைல் வான் நாய் 9. இருவரும் கோடை முடிகிற நேரத்திலோ அதற்குப் பிறகோ குறைந்த விலைக்கு வந்தவர்கள். நல்ல பேரம்தான். ஆனால் மூன்றாம் டவுனில், எதிரணி கட்டாயம் பந்தை எறிய வேண்டிய நேரத்தில், களத்தில் நிற்கும் இடம் இரண்டுதான். அங்கே முதியவர் நின்றால் இளையவர் பெஞ்சிலிருந்து பார்த்துத்தான் கற்க வேண்டும்.

ஓவேயின் சாக் கணக்கு: 5, 3, 5, பிறகு 2024இல் 10. முதல் சுற்று ஆளை இன்னொரு வருடம் வைத்துக்கொள்ளும் ஐந்தாம் வருட ஆப்ஷனை எடுத்துவிட்டீர்கள்; நீண்ட ஒப்பந்தம் போடவில்லை. 2025இல் முதல் ஐந்து ஆட்டத்தில் சாக் இல்லை. அக்டோபரில் சார்ஜர்ஸுக்கு அனுப்பி, அலோஹி கில்மன் என்ற பின்களத் தடுப்பாளரையும் (சேஃப்டி) ஒரு தேர்வையும் வாங்கிக்கொண்டீர்கள். அந்தப் பக்கம் போனதும் சாக் வர ஆரம்பித்துவிட்டது. அணி தோற்றுக்கொண்டிருந்தது, பின்களம் ஓட்டையாக இருந்தது, நடுவில் நின்று இடத்தைத் திறந்துவிடும் மடுபுய்கே கழுத்துக் காயத்தால் வெளியே. இதெல்லாம் எனக்கும் தெரியும். முன்னணியில் போகும் அணிக்கு எதிராகத்தான் குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குவார். பின்தங்கிய அணியின் பாஸ் ரஷருக்குச் சாக் வராதது பல சமயம் அவர் குற்றமே இல்லை. ஐந்து ஆட்டத்தின் சைபரை வைத்து விலை பேசியது, 2020இன் சைபரைப் பொருட்படுத்தாமல் எடுத்த அதே அலுவலகம்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

இப்போது மினசோட்டாவைப் பாருங்கள். 2015இல் மூன்றாம் சுற்றில், நீங்கள் 90ஆவது இடத்தில் காத்திருந்தபோது, 88ஆவது இடத்தில் டேனியல் ஹன்டரை எடுத்துக்கொண்டார்கள். ஜமைக்காவில் பிறந்தவர், அப்போது வயது 20. லூசியானா ஸ்டேட் கல்லூரியில் கடைசி சீசனில் வெறும் 1.5 சாக். ஆண்ட்ரே பேட்டர்சன் என்ற பயிற்சியாளர் அவரைக் கையிலெடுத்தார். முதல் வருடம் 6, மறு வருடம் 12.5. மூன்றாம் வருடம் 7ஆக இறங்கியது. நீங்களாக இருந்தால் அந்த இறக்கத்தில் என்ன செய்திருப்பீர்கள்? அவர்கள் 2018 ஜூனில், ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் மிச்சம் இருக்கும்போதே, ஐந்து வருடத்துக்கு 72 மில்லியன் பேசி முடித்தார்கள். அடுத்த இரண்டு சீசனும் தலா 14.5. பிற்காலத்தில் ஹன்டர் இந்தச் சம்பளம் போதாது என்று முறுக்கிக்கொண்டார் என்றால், அணி எவ்வளவு மலிவாக வாங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். க்ராஸ்பிக்கும் ரெய்டர்ஸ் அப்படித்தான், மூன்றாம் சீசன் முடிந்த கையோடு 2022 மார்ச்சில் நீட்டித்தார்கள். அதற்கு முந்தைய சீசனில் அவருடைய சாக் 8 மட்டுமே. ஆனால் குவார்ட்டர்பேக்கைத் தொல்லை செய்த கணக்கில் அவர் உச்சத்தில் இருந்தார்.

அந்தக் கணக்கு உங்களிடமும் இருக்கிறது. ஆட்டக்காரர் தோள் கவசத்துக்குள் சில்லு வைத்து ஒவ்வொரு ஸ்னாப்பிலும் யார் எங்கே என்று லீக் அளக்கிறது. இரண்டரை நொடிக்குள் டேக்கிளைத் தாண்டினாரா இல்லையா என்ற வெற்றி விகிதத்தை அதிலிருந்து எடுத்துத் தொலைக்காட்சியிலேயே போடுகிறார்கள். சாக் என்பது பாஸ் ரஷர், எதிரணி குவார்ட்டர்பேக், நம் பின்களம், அன்றைய ஸ்கோர் எல்லாம் கூடிவந்தால் நடப்பது. டேக்கிளை வெல்வது அவர் ஒருவரின் வேலை. அந்த விகிதம் ஏறிக்கொண்டிருக்கும்போது சாக் இறங்கினால், விலை குறைவாகப் பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. லமார் ஜாக்சனுக்கு 2023இல் ஐந்து வருடத்துக்கு 260 மில்லியன் பேசியபின் மற்றவர்களுக்குக் கை இறுகத்தான் செய்யும். 2021இல் கொரோனாவால் உச்சவரம்பு 182.5 மில்லியனுக்குச் சரிந்தது. ஜூடான் போனதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் ஒரு வருட டேக், சீசன் நடுவில் வாடகை ஆள், ஒவ்வொரு கோடையிலும் ஒரு முதியவர், போய்விட்டவருக்குப் பதிலாக மறுபடி ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு. இதையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். சிக்கனம் என்று நினைத்தது எவ்வளவு செலவு வைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

2025 டிராஃப்டில் 59ஆவது இடத்தில் மார்ஷல் கல்லூரியின் மைக் கிரீனை எடுத்தீர்கள். கல்லூரியில் கடைசி சீசனில் 17 சாக், நாட்டிலேயே அதிகம். முதல் வருடம் எதிர்பார்த்த அளவு சாக் வரவில்லை என்று என் சோஃபாக் கூட்டம் ஏற்கனவே முணுமுணுக்கிறது. இரண்டாம் சுற்று ஆள் என்பதால் ஐந்தாம் வருட ஆப்ஷன் கிடையாது. 2028 சீசனோடு ஒப்பந்தம் தீரும். விதிப்படி 2027 சீசன் முடிந்த மறுநாளே அவரோடு நீட்டிப்புப் பேசலாம். அதுவரை மூன்றாம் டவுனில் அவரை வெளியே உட்காரவைக்காதீர்கள். சக் ஸ்மித் போன்ற ஒருவரை எப்போதும் பக்கத்தில் வையுங்கள். 2028 ஜனவரியில் அவருடைய கோப்பைத் திறக்கும்போது சாக் எண்ணிக்கை உள்ள பக்கத்தைக் கடைசியில் வைத்துவிட்டு, இரண்டரை நொடிக் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
மேரிலாந்திலிருந்து ஒரு ரேவன்ஸ் ரசிகன்